இருந்த ஒரே பீஸ்

அவிநாசிபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, சாலையோரம் தார்ப்பாய் விரித்து ஒருவன் சிவப்புப் பனியன்களைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தான். நெஞ்சில் பச்சை மரம், அதன்மேல் வெள்ளைப் பனி. வெயிலில் பிரிண்ட் சூடாகி ரப்பர் நெடி அடித்தது. உங்கள் ஞாபகம் வந்தது, அக்கா. கூடவே கோபமும் வந்தது.

நாம் நண்பர்களாக இருந்தோம் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அருள்புரத்தில் ஒரே லைன் வீட்டில் நமக்கு அடுத்தடுத்த கதவு. நான் பத்திரிகை நிருபர். நீங்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் மூத்த டெய்லராக இருந்தவர். குழாயடியில் யார் குடம் முதலில் என்ற சண்டையில்தான் பேச்சே தொடங்கியது. பிறகு சண்டைக்கு வேறு விஷயம் கிடைத்தது. உங்கள் கிறிஸ்துமஸ்.

மார்கழிக் குளிரில் நீங்கள் வாசலில் காகித நட்சத்திரம் கட்டுவீர்கள். கடவுள் தன் மகனையே மனிதருக்குப் பரிசாகக் கொடுத்த நாள் என்பீர்கள். நானோ, பரிசு கொடுப்பவர்களை மேடை மேடையாகப் பார்த்துச் சலித்தவன்.

"குடுக்கறவரு மேல நிப்பாருங்க. வாங்குனவன் கடைசி வரைக்கும் குனிஞ்சே நிக்கோணும். இதுல என்னங்கக்கா பண்டிகை?"

"குனிஞ்சது அவருல்லா," என்பீர்கள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. "மாட்டுத் தொழுவத்துல வந்து பொறக்கணும்னா எவ்வளவு குனியணும்? ஒமக்கு எங்க அது தெரியப் போவுது. பேப்பர்க்காரருக்கு மேடை மட்டுந்தான கண்ணுல படும்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு வருஷம் உங்கள் கம்பெனி வெளிநாட்டுக்குத் தைத்த கிறிஸ்துமஸ் பனியன்களில் ஒரு பகுதியை, சோதிக்க வந்தவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். கழுத்துத் தையல் கோணல் என்று சொல்லி, கழுத்து தைத்த செல்வியை முதலாளி வேலையிலிருந்து நிறுத்தினார். தள்ளிய சரக்கைக் குடோனில் வைத்துப் பூட்டியதால் டெய்லர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. செல்வி நம் லைனில் கடைசி வீட்டுக்காரி, கைக்குழந்தைக்காரி. உங்கள் சபையைச் சேர்ந்தவளும் அல்ல. பேச்சு பரவி, அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் அவளை யாரும் எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பினால் அவளை அடித்துத் துரத்திய புருஷன் வீடுதான்.

டிசம்பரில் கம்பெனி கேன்டீனில் கிறிஸ்துமஸ் விழா. செய்திக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கேக் வெட்டினார்கள். வெளியிலிருந்து வந்த பாஸ்டர், தேவன் தந்த பரிசைப் பற்றிப் பேசிவிட்டு, அதே மூச்சில் முதலாளி தரும் பரிசுக்கும் நன்றி சொன்னார். வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர் கொடுத்தார்கள். உள்ளே, சோதனையில் தள்ளிய அந்தச் சிவப்புப் பனியன்.

அப்புறம் நடந்தது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. பரிசை யாரும் மார்பில் வைத்து அழகு பார்க்கவில்லை. எல்லாரும் கவரைக் கிழித்து, பனியனை உள்புறம் வெளியே வரத் திருப்பி, கழுத்தில் இரண்டு கட்டைவிரலையும் விட்டு இழுத்தார்கள். வெறும் கைப்பழக்கம். கழுத்துகள் நேராகவே இருந்தன. இழுத்த இழுப்பில் நெஞ்சிலிருந்த மரம்தான் விரிசல் விட்டது. பிரிண்ட் போட்டுத் தந்தது முதலாளியின் மச்சான்.

நீங்கள் எழுந்தீர்கள்.

"மொதலாளி, கழுத்து நேராத்தான இருக்கு. வெடிக்கது பிரிண்ட்டுல்லா. பொறவு செல்விய எதுக்கு வெளிய தள்ளுனிய?"

"ஏனுங்கக்கா, நல்ல நாளும் அதுவுமா இதென்ன பேச்சுங்க? கேக்கு சாப்புடுங்க. அதையப் பொறகு பேசிக்கலாமுங்க," என்றார் முதலாளி. மரியாதைக்குக் குறைவில்லை. முகம் மட்டும் இறுகிவிட்டது.

பாஸ்டர் குறுக்கிட்டார். "சிஸ்டர், இது சமாதானத்தின் நாள். ஒரு ஸ்தோத்திரம் சொல்லி உட்காருங்க."

"பாஸ்டரய்யா, தேவன் நமக்குத் தள்ளுன சரக்கக் குடுக்கல. இருந்த ஒரே பீஸக் குடுத்தாரு. அதையும் இதையும் ஒண்ணா வச்சுப் பேசாதிய."

பின்வரிசையில் ஒருத்தி, "யக்கா, சண்ட போடு. எனக்குத் தந்தத மட்டும் பிடுங்கிராத, எம்மவனுக்கு அளவா இருக்கு," என்றாள். சிரிப்பு எழுந்து, முதலாளியைப் பார்த்ததும் அடங்கியது. மறுநாள் பத்திரிகையில் கேக் வெட்டும் படம் வந்தது. நான் எழுதிக்கொடுத்த உங்கள் கேள்வி வரவில்லை.

அடுத்த வாரம் முதலாளி உங்களைக் கூப்பிட்டார். செல்வியைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அவள் உட்கார மிஷின் இல்லை என்றாராம். "ஒண்ணு காலியாகோணுமுங்களே" என்றாராம். நீங்கள் பயந்து வாயை மூடுவீர்கள் என்று நினைத்திருப்பார். நீங்கள் கத்தரியையும், உட்காரப் போட்டிருந்த தலையணையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். செல்வி உங்கள் மிஷினில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நீங்கள் வீட்டில் பாவாடை தைத்தே காலத்தை ஓட்டினீர்கள். செல்வி உங்கள் வாசல் வழியாகத் தலையைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனாள். கொஞ்ச நாளில் வேறு தெருவுக்கு மாறிவிட்டாள். குழாயடியில் நான் வெடித்தேன்.

"நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னாளாங்க?"

"அதுக்கா குடுத்தேன்? எம் மொகத்தப் பாக்க அவளுக்குக் கூச்சமா இருக்கும், விடும். கொடத்த எடும் மொதல்ல. தண்ணி வழியுது."

உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் உங்களை அடக்கம் செய்தபோது, நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். செல்வி வரவில்லை. அவள்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. முதலாளிமேலும், அன்று விழாவில் வாயில் கேக்கோடு தலைகுனிந்திருந்த பாஸ்டர்மேலும் தீரவில்லை. உங்கள்மேல் இன்னும் அதிகம். சண்டையை முடிக்காமலே போய்விட்டீர்கள். அதுவும் ஜெயித்த பக்கத்தில் நின்றுகொண்டு.

தார்ப்பாய்க் குவியலில் ஒரு பனியனை எடுத்து, கழுத்தில் கட்டைவிரல்களை விட்டு இழுத்தேன்.

"ஏனுங்க, வாங்கறதுன்னா வாங்குங்க, கிழிச்சுப் போடாதீங்க," என்றான் கடைக்காரன்.

கழுத்து நேராக இருந்தது. மரம் வெடித்தது. கீழே வைத்துவிட்டேன்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்தக் கைப்பழக்கம்தான். மேடையில் யாராவது பரிசு என்று ஆரம்பித்தால், இதற்காக எந்த மிஷினிலிருந்து யார் எழுந்து போனார்கள் என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் யாரும் எழுந்து போயிருப்பதில்லை. எழுந்து போன ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் தொழுவத்துக் குழந்தையைப் பற்றி நீங்கள் சொன்னதில் நான் நம்புவது அந்த அளவுக்குத்தான். மிச்சத்துக்கு நம் சண்டை அப்படியே இருக்கிறது.