என் பெயரில் ஒரு சிலுவை

தஞ்சாவூர்,
4-11-2025

தங்கச்சி ரெஜினாவுக்கு,

உயிரோடு இருக்கும் எல்சி எழுதுவது. பயப்படாதே. முந்தாநாள் கல்லறைத் திருநாளில் உன்னிடம் தீப்பெட்டி வாங்கிய அக்கா நான்தான்.

பக்கத்து வீட்டு தெரசம்மாவின் அப்பாவை உங்கள் ஊரில்தான் அடக்கம் செய்திருக்கிறது. அவளுக்குத் துணையாக வந்தேன். பூசையில் ஃபாதர் இறந்தவர்களின் பட்டியலை வாசித்தபோது, "எல்சி, ஆன்டோவின் மனைவி" என்றார். ஊர் உலகத்தில் எத்தனை எல்சி, எத்தனை ஆன்டோ என்று சிரித்துக்கொண்டேன். பிறகு கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சிலுவையைப் பார்த்தேன். என் பெயர், என் அப்பா பெயர், நான் பிறந்த தேதி. இறந்தது 2021 ஜூன் என்று போட்டிருந்தது.

நீ கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தாய். "நான் கட்டிக்கப்போறவரோட முதல் சம்சாரம். கொரோனாவுல போயிட்டாங்க. நீங்களும் ஒரு மெழுகுவத்தி ஏத்துங்கக்கா, புண்ணியமாப் போவும்" என்றாய். போனில் அவர் படத்தையும் காட்டினாய். உங்கள் ஊர் இறால் பண்ணையில் வாரம் பூரா தங்கி மோட்டார் மெக்கானிக்காக வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர்.

என் கல்லறைக்கு நானே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு பஸ் ஏறினேன். வீட்டில் அவர் கறிச்சோறு தின்றுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் லேட்டு?" என்றார்.

உன் நம்பர் தெரியாது. நீ வேலை பார்ப்பதாகச் சொன்ன பள்ளிக்கூடத்தின் பெயர்தான் நினைவிருந்தது, அதனால் கடிதம். ஆதார் நகல் இதோடு வைத்திருக்கிறேன். போன மாதம்தான் விலாசம் மாற்றினேன். செத்தவர்களுக்கு அதெல்லாம் செய்து தரமாட்டார்கள். அந்தக் கல்யாணம் வேண்டாம் தங்கச்சி.

எல்சி


முத்துப்பேட்டை,
8-11-2025

அக்காவுக்கு,

அக்கா என்று இரண்டு தரம் எழுதி அடித்துவிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

மூன்று வருடமாக வாரம் தவறாமல் கல்லறைக்கு வந்து உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைக் கேட்டபோது முதலில் உங்களிடம்தான் வந்தேன். "உங்க இடத்துக்கு நான் வரலாமா?" என்று கேட்டேன். காயல் காற்று அப்படி அடித்துக்கொண்டிருந்தது, மெழுகுவத்தி மட்டும் அசையாமல் எரிந்தது. நீங்கள் சரி சொன்னதாகத்தான் நினைத்தேன். அன்றைக்கு எனக்குச் சரி சொன்னது யார்?

நீங்கள் குழம்பு தாளித்தால் தெருவே மணக்கும் என்பார். உங்கள் பேச்சை எடுத்தாலே கண் கலங்கிவிடும். வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் சிலுவைக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போவார். போய்ச் சேர்ந்தவளையே இப்படி நேசிக்கிறவர் என்னை எப்படி வைத்துக்கொள்வார் என்றுதான் அக்கா சம்மதித்தேன். எனக்கு முப்பத்தாறு வயது. டிசம்பரில் கோயிலில் பூசையில் அறிவிக்கிற கல்யாண ஓலைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும், ஜனவரியில் கல்யாணம்.

யாரோ சொந்தக்காரர்கள் கெடுக்கப் பார்க்கிறீர்களோ என்றும் தோன்றுகிறது. அப்படியே இருந்துவிட்டால் நல்லது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்றால் அந்தக் குழிக்குள் யார்?

ரெஜினா


தஞ்சாவூர்,
13-11-2025

ரெஜினாவுக்கு,

கஜா புயலில் அந்தத் தோட்டத்துச் சிலுவைகள் எல்லாம் சாய்ந்துபோயின. பெயர் அழிந்தவற்றைக் குத்துமதிப்பாக நட்டு வைத்தார்கள் என்று தெரசம்மா சொல்கிறாள். கேட்பாரில்லாத ஒன்றில் இவர் என் பெயரை எழுதியிருக்கிறார். ஃபாதர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள்? உள்ளே இருப்பது யாரோ பாவம்.

என் குழம்பு மணக்குமாமே. உப்புக் கரிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற மனுஷன். பதினாலு வருடத்தில் ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்லை. வெள்ளிக்கிழமை இரவு அங்கிருந்து வரும்போது சட்டையில் மல்லிகை வாசனை அடிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுடைய பூவாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தப் பூ எனக்குத்தான் வாங்கியது என்று இப்போதுதான் தெரிகிறது. வயிறு எரிகிறது தங்கச்சி.

இன்னும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை, இல்லாத ஆளைத் தாண்டிப் போகிற மாதிரி போகிறார். நீ ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குத் தெரியாமல் போய் நின்று பார். உன்னை ஏமாற்றத்தான் அழுகிறாரா என்று தெரிந்துவிடும்.

எல்சி


திருத்துறைப்பூண்டி,
29-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கருவை மரத்து மறைவில் நின்றேன். பூவோடு வந்தார். சுற்றுமுற்றும் பார்க்கக்கூட இல்லை. மண்டியிட்டு சிலுவையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். "ரெஜினா ரொம்பக் கேள்வி கேக்குறா எல்சி. நீ ஒண்ணுமே கேக்கமாட்ட" என்றார். பிறகு யாரோ பதில் சொல்வதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நடுவில் சிரித்தார்.

அது நடிப்பு இல்லை அக்கா. நடிப்பாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு, நல்லவன் ஒருவன் இருப்பான் என்று காத்திருப்பேன். அவர் நேசிப்பது நிஜம். ஆனால் அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். இனி யார் எனக்காக உயிரை விடுகிறேன் என்றாலும் நம்பமாட்டேன். இந்தக் காதல் கருமாந்திரமே எனக்கு வேண்டாம்.

ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லி ஓலையை நிறுத்திவிட்டேன். வேலையை விட்டுவிட்டு இங்கே என் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்களும் அந்த வீட்டில் இருக்காதீர்கள். உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், இன்றைக்கே.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், நேற்று முத்துப்பேட்டையில் நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா சவரியம்மாள் போன் செய்தார். ஆன்டோ அங்கே என்னைத் தேடி வந்திருக்கிறார். ஊருக்குப் போய்விட்டாள் என்று மூன்று தரம் சொல்லியும் நகரவில்லை. இந்தம்மா ஆத்திரத்தில், "அவ செத்துட்டாய்யா, போ" என்று சொல்லிவிட்டாராம்.

எப்படி, எப்போது என்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதிருக்கிறார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கே அடக்கம் பண்ணியிருக்கிறது என்று கேட்டாராம்.

ரெஜினா