மாஸ்டர்ஸ் படிக்கிற மகன்

2025 மார்ச் 30, ஞாயிறு

பூசை முடிந்து காரடிக்கு வரும்போது கத்தரின் அன்ரி பிடித்துக்கொண்டார். எங்கள் செபக்குழுவை நடத்துகிறவர். அவருக்கு ஒன்று தெரிந்தால் சிட்னியில் இந்த நார்த்மீட் பக்கம் முழுவதற்கும் தெரியும்.

"சுஜீதன் இங்கிலாந்துக்குப் போட்டாராமே? படிக்கவோ?"

"ஓம் அன்ரி."

அவ்வளவுதான், வாயில் வந்துவிட்டது. அதோடாவது நிறுத்தினேனா? "மாஸ்டர்ஸ். மெக்கானிக்கல்" என்று உப்பும் புளியும் சேர்த்தேன். அவர் என் கையைப் பிடித்து, "நீர் குடுத்து வைச்சனீர் ரஞ்சினி" என்றார்.

குடுத்துத்தான் வைத்தேன்! மாஸ்டர்ஸ் எங்கே, யூனிவர்சிட்டியை இரண்டாம் வருடத்தோடு விட்டவன் அவன். போனது மோட்டார்சைக்கிள் ஓட. ஸ்பீட்வே. மண் பாதையில் நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருகிறவனுக்கு மூன்று புள்ளி, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. வண்டிக்குப் பிரேக் கிடையாது. பிரேக் இல்லாத வண்டியை மனிசர் ஓடுவினமோ? அங்கே அதற்கென்று லீக் இருக்கிறதாம். ஒரு சின்ன ஊர்க் கிளப் இந்த சீசனுக்கு இவனை எடுத்திருக்கிறது.

இவர், சுஜீதனின் அப்பா, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து கேற்றைத் திறக்கும்போது, "நீர் சொன்ன பொய். நீரே காவும்" என்றார்.

ஏப்ரல் 4

இவர் ரயில் திருத்துமிடத்தில் இரவு வேலை, இன்னும் வரவில்லை. அங்கே வியாழன் பின்னேரம், இங்கே வெள்ளி விடிகிற நேரம். குசினியில் இருந்து போனில் அவன் ஓட்டத்தைப் பார்த்தேன், சத்தத்தைக் குறைத்துவிட்டு. யாருமில்லாத வீட்டில் யாருக்குப் பயந்தேன்?

விமானநிலையத்தில் வைத்து, "நீ செத்துப்போறதை நான் காசு குடுத்துப் பாக்கமாட்டன்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். இப்போது அந்தக் கிளப்புக்கே காசு கட்டிப் பார்க்கிறேன். இவருக்கும் தெரியாது. மானங்கெட்டவள்.

கடைசியாக வந்தான். அடுத்த ஓட்டத்திலும் கடைசி. எனக்கு அழுகை வந்தது. தோற்றதற்கா, முழுசாக வந்து சேர்ந்ததற்கா, தெரியவில்லை.

பிறகு அவன் போன் எடுத்தபோது, "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

எந்த யூனிவர்சிட்டி என்று கத்தரின் அன்ரி கேட்டார். கையில் குருத்தோலையை வைத்துக்கொண்டே ஒன்றைச் சொல்லித் தொலைத்தேன்.

ஏப்ரல் 22

பிரசன்னா போன் எடுத்தான். இவரின் சித்தப்பா மகன். சுஜீதன் இருக்கிற ஊரில் இருந்து அரை மணித்தியாலத்தில் இருக்கிறான். அவனுக்கும் மாஸ்டர்ஸ் கதை போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அண்ணி, ஈஸ்டருக்குச் சாப்பிட வரச்சொன்னனான். அசைன்மென்ட் இருக்கு சித்தப்பா எண்டு சொல்லிப்போட்டான். நல்லாப் படிக்கிறான் போல."

அசைன்மென்டோ? உடனே சுஜீதனுக்கு அடித்தேன்.

"நீங்கள் சொன்னதைத்தானே அம்மா நானும் சொன்னனான்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். "சித்தப்பா யூனிவர்சிட்டிப் பேர் சொல்லி விசாரிச்சவர். நான் உங்களை விட்டுக்குடுக்கேலாது எல்லோ."

பொய் சொன்னால் சின்ன வயதில் அவன் வாயில் மிளகாய் வைப்பேன் என்று வெருட்டியவள் நான். இப்போது எனக்காகப் பொய் சொல்லுகிறான். என்ன தாய் நான்?

மே 9

வென்றுவிட்டான்! முதலாவது! வெளிப்பக்கத்தால் சுற்றிவந்து, பின்சில்லு வழுக்க வழுக்க, மூன்று பேரையும் விட்டுவிட்டு வந்தான். குசினியில் கத்திவிட்டேன்.

யாரிடம் சொல்ல? நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் காது கேளாத மார்கரெட் கிழவியைக் குளிக்க வார்க்கும்போது தமிழிலேயே முழுவதையும் சொன்னேன். "லவ்லி, டியர்" என்றார்.

மே 16

எழுதத்தான் வேண்டும்.

விடியக்காலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது சுற்று. விழுந்தான். வேலியோடு போய் அடிபட்டு, வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அசையவில்லை. அம்புலன்ஸ் உள்ளே வந்தது. பிறகு திரையில் விளம்பரம் போட்டார்கள். பியர் விளம்பரம்! என்ர பிள்ளை மண்ணுக்குள்ள கிடக்கிறான், இவங்கள் பியர் விக்கிறாங்கள்.

மாதாவே மாதாவே என்று எவ்வளவு நேரம் நின்றேனோ. இவர் வேலையிடத்திலிருந்து போன் எடுத்தார். கிளப்பிலிருந்து அவருக்கு அறிவித்திருக்கிறார்கள். தோள் எலும்பு முறிவு, தலையிலும் அடி, நினைவு திரும்பிவிட்டது, உயிருக்குப் பயமில்லை. நான் அப்போதுதான் கேள்விப்படுகிறது போல "ஐயோ" என்றேன்.

மத்தியானம் சுஜீதனே கதைத்தான். குரல் குழறியது.

"ஆரடா உன்னோட நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. கிளப் ஆக்கள் வந்திட்டுப் போட்டினம்."

"பிரசன்னாவைக் கூப்பிடன்."

"கூப்பிட்டு என்ன சொல்லுறது அம்மா? லைப்ரரியில விழுந்தனான் எண்டோ?"

'உண்மையைச் சொல்லு' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் போகும்? சொல்லவில்லை.

பின்னேரம் கத்தரின் அன்ரி வீட்டில் செபமாலை. மே மாதம் மாதாவுக்குரியது என்பதால் வெள்ளிக்கு வெள்ளி ஒரு வீட்டில். எதற்காக மன்றாடுவது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். ஒருவர் முழங்கால் வலிக்கு, ஒருவர் மகளின் விசாவுக்கு. என் முறை வந்தது. எழும்பி நின்றேன்.

"சுஜீதன்ர மாஸ்டர்ஸ் சோதினைக்கு," என்றேன்.

முழங்கால் வலிக்காரி உட்பட எல்லோரும் முழங்காலில் நின்று, இல்லாத சோதினைக்காக ஐம்பத்து மூன்று அருள்நிறை மரியே சொன்னார்கள். அவன் அங்கே தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் கிடக்கிறான். அதன் பிறகு கட்லட்டும் சாப்பிட்டேன். தூ!

மே 17

காலையில் கத்தரின் அன்ரி மெழுகுதிரி படம் அனுப்பியிருந்தார்: 'சோதினை எப்படி? மாதா கைவிடமாட்டா.'

அதைப் பார்த்ததும் பிரசன்னாவுக்கு அடித்தேன். அங்கே இரவு, படுக்கப்போகிற நேரம். எல்லாவற்றையும் சொன்னேன், ஒரே மூச்சில்.

"அரை மணித்தியாலம் அண்ணி. அரை மணித்தியாலத்தில நான் இருக்கிறன். நேற்று இரவில இருந்து தனியக் கிடந்தவன்," என்றான். கார்த் திறப்பை எடுக்கிற சத்தம் கேட்டது. போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டான்.

மே 23

இன்று எங்கள் வீட்டில் செபமாலை. தொடங்கும் முன்பே சொன்னேன். சோதினை இல்லை, மாஸ்டர்ஸ் இல்லை, அவன் மோட்டார்சைக்கிள் ஓடுகிறான், விழுந்து கிடக்கிறான் என்று.

யாரும் ஏசவில்லை. கத்தரின் அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா, அந்தப் பிள்ளைக்கு எண்டு மன்றாடியிருப்பம் ரஞ்சினி," என்றார். ஏசியிருக்கலாம்.

ஆகஸ்ட் 22

இன்று திரும்பவும் ஓடினான். இரண்டாவதாக ஒருமுறை, மூன்றாவதாக ஒருமுறை. முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரன் அவனிடம் மைக்கை நீட்டி, சிட்னியில் வீட்டுக்காரர் பார்க்கிறார்களா என்று கேட்டான்.

"இல்லை. அம்மாவுக்கு ரேஸ் பார்க்கப் பயம்," என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தான்.

விமானநிலையத்தில் நான் சொன்னதைச் சொல்லாமல் இன்னும் என்னை மூடி மறைக்கிறான். தாங்கவில்லை எனக்கு. உடுப்பு மாற்றி வெளியே வந்திருப்பான் என்று தோன்றியதும் அடித்தேன். சாப்பிட்டியோ என்று கேட்கவில்லை.

"கடைசி ஓட்டத்தில ஏனடா உள்ளுக்குப் போனனீ? உனக்கு வெளிப்பக்கம் எல்லோ சரி."

"அம்மா, நீங்கள் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"இண்டைக்கோ?"

"எல்லா நாளும்."

அவன் நாட்களைக் கணக்குப் பார்க்கிறான் என்று எனக்கு விளங்கியது.

"அப்ப நான் விழுந்ததையும் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. வீடியோவைப் போட்டுப் பாக்கவும் பயம்," என்றான். "நீங்கள் சொல்லுங்கோ."

சொன்னேன். உள்ளே இடமிருந்தது, நீ போனது சரி. முன்னால் போனவனின் பின்சில்லு வழுக்கி உன் முன்சில்லில் பட்டது. உன்னில் ஒரு பிழையும் இல்லை.

"பிறகு?" என்றான்.

அம்புலன்ஸ் வந்தது என்றேன். அப்பா போன் எடுத்தார் என்றேன்.

"பிறகு நீங்கள் என்ன செய்தனீங்கள் அம்மா?"

வேலைக்குப் போனேன். பின்னேரம் கத்தரின் அன்ரி வீட்டுக்குப் போனேன். அங்கே எழும்பி நின்று எதற்காக மன்றாடக் கேட்டேன் என்பதையும் அவனுக்குச் சொன்னேன்.