தரைப்பெட்டி

ஹந்தானை, கண்டி
3 ஜூன் 2025

தனேஸ் அண்ணாவுக்கு,

உங்கள் கட்டுரையில் உள்ள ஒப்பீடு பொய். அது உங்களுக்கும் தெரியும்.

விண்வெளி நிலையத்துக்குப் போன பெட்டியில் புரதப் படிகங்கள் பெரிதாக, தெளிவாக வளர்ந்தன. சந்தோஷம். அங்கே கரைசலில் கனமானது கீழே இறங்காது, லேசானது மேலே ஏறாது; படிகம் நிதானமாக வளரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல, அதே கரைசல் இங்கே கண்டியில் இருந்த தரைப்பெட்டியிலும் அதே வெப்பநிலையில் அசையாமல் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

சரஸ்வதி பூசையன்று ஜேர்மனியிலிருந்து வட்ஸ்அப்பில் கூப்பிட்டது நீங்கள்தான். "எங்கட பெட்டியையும் ஒருக்கா அம்மாளுக்கு முன்னால வையுங்கோ. அதென்ன, நுணுக்குக்காட்டிக்கு மட்டும் பொட்டு வைக்கிறதோ?" எல்லாரும் சிரித்தோம். ஆய்வுகூட உதவியாளர் மோகனராஜ் தரைப்பெட்டியைத் தூக்கி வந்து, சந்தனம் பூசி, கற்பூரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பொடியாகக் கிடக்கின்றன, இந்தச் சோதனையைச் சேர்க்க வேண்டாம் என்று மறுநாளே உங்களுக்கு எழுதினேன். சேர்த்துவிட்டீர்கள்.

"அடுத்தமுறை தரைச் சோதனையை வேற இடத்துக்குக் குடுப்பம். இஞ்ச கவனம் காணாது" என்கிறார் எங்கள் ஆய்வுகூடத் தலைவர் றஞ்சனா மேடம். பூசைக் கதையைச் சொன்னேன். "அப்ப தனேஸ் ஏன் அதை எழுதேல்ல?" என்று கேட்டார். தரைப்பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவள் நான்; என் ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவளுக்கு ஒழுங்கு தெரியாது என்று நினைத்திருந்தவர்களுக்கு அச்சிலேயே சான்று கொடுத்துவிட்டீர்கள்.

திருத்தம் அனுப்புங்கள்.

அன்புடன்,
கலாராணி

பிறேமன், ஜேர்மனி
15 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

உம்முடைய அப்பாவின் கால் எப்படி? இங்கே வெயில் வந்துவிட்டது, ஆனாலும் சுவெற்றரைக் கழற்ற முடியவில்லை.

நீர் சொல்வது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டி மேலே போவதற்கு எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உமக்குத் தெரியும். தரைச் சோதனை இல்லாமல் கட்டுரையை எடுக்க மாட்டார்கள். திரும்பச் செய்ய அவகாசமும் இல்லை. விண்வெளிப் படிகம் உண்மையில் நல்லதுதானே? தரைப்பெட்டியை யார் பார்க்கப் போகிறார்கள்? சந்தனம் பூசினோம் என்று எழுதினால் இவங்கள் விழுந்து விழுந்து சிரிப்பாங்கள், கலா. எங்கட சனத்தையே சிரிப்பாங்கள்.

இங்கே முனைவர் பட்டத்துக்கு ஓர் இடம் வருகிறது. உம்முடைய பெயரைச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் பொறும்.

என்றும் அன்புள்ள,
தனேஸ் அண்ணா

ஹந்தானை
20 ஜூலை 2025

தனேஸ் அண்ணாவுக்கு,

அப்பா இப்போது தடியோடு நடக்கிறார்.

அந்த இடம் எனக்கு வேண்டும். அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

புதிதாகக் கரைசல் செய்து தரைச் சோதனையைத் திரும்ப நடத்தினேன். கதவில் "உள்ளே வராதீர்கள்" என்று மூன்று மொழியிலும் ஒட்டினேன். யாரும் தொடவில்லை. படிகங்கள் நன்றாக வந்திருக்கின்றன. உங்களுடையவை இன்னும் மேல்தான். ஆனால் நீங்கள் அச்சிட்ட அளவுக்கு இல்லை. அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் ஈர்ப்புவிசை செய்ததல்ல, நாங்கள் தூக்கி ஆட்டியதால் வந்தது. படங்கள் இணைத்திருக்கிறேன்.

சிரிப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். இங்கே என்னைப் பார்த்து ஏற்கெனவே சிரிக்கிறார்கள்.

கலாராணி

ஹந்தானை
2 செப்டெம்பர் 2025

தனேஸ்,

நேற்று என் பிறந்தநாளுக்கு உங்கள் வாழ்த்து வந்தது, கேக் படத்தோடு. ஜூலையில் எழுதியதற்குப் பதில் வரவில்லை.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மேடம் படங்களைப் பார்த்தார். "வடிவா வந்திருக்கு. ஆனா தனேஸ் ஒரு வரி எழுதினாத்தான் நான் மேல கதைக்கலாம்" என்றார். கட்டுரை வந்த சஞ்சிகைக்கு நானே எழுதிப் பார்த்தேன். கட்டுரையில் பெயரில்லாத நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியைத் தூக்கச் சொன்னது யார்? இந்தக் கிழமைக்குள் சஞ்சிகைக்கு எழுதுங்கள்.

கலாராணி