தினேஷ் அடித்த பிறகு

சனி, 8 மார்ச்
காலையிலிருந்து மழை. தேக்காவில் நான் உதவியாளராக இருக்கும் பல் மருத்துவகத்துக்கு வரவேண்டிய மூன்று பேர் வரவில்லை. கழுவிய கருவிகளையே மறுபடி அடுக்கினேன்.

பதினொன்றரைக்கு யோகேஸ்வரி. தம்பி தினேஷின் காதலி, இரண்டு வருடப் பழக்கம். முகக்கவசத்தைக் கழற்றினாள். மேல் உதடு பிளந்திருந்தது. முன்பல் பாதி இல்லை.

"விழுந்துட்டேன்க்கா."

டாக்டர் என்னைப் பார்த்தார். விழுந்தவர்களுக்குக் கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு இருக்கும். இவளுக்குக் கழுத்தில் நான்கு விரல் தடம்.

ரத்தத்தையும் எச்சிலையும் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை முடிந்ததும் நடைபாதையில் சொன்னாள். தினேஷ் இவள் போனைக் கேட்டானாம், தரவில்லையாம். அவன் ஓட்டும் வேனுக்குள் வைத்து அடித்திருக்கிறான்.

"அப்புறம் அழுதாருக்கா. ஐஸ் வாங்கிட்டு வந்து ஒத்தடம் குடுத்தாரு."

அப்பாவும் அம்மாவுக்கு ஐஸ் வாங்கி வருவார்.

ஞாயிறு, 9 மார்ச்
ஈசூனில் எங்கள் வீடு. துணியை இரண்டு முறை கொடியில் போட்டாயிற்று. காயவில்லை.

அப்போது தினேஷுக்கு ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. கூடத்தில் பெல்ட் சத்தம். கட்டிலுக்கு அடியில் அவன் வாயைப் பொத்திக்கொள்வேன். அழுதால் அப்பா எங்கள் பக்கம் திரும்புவார். ஒருமுறை திரும்பினார். அவன் முதுகில் பெல்ட் பக்கிள் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. மறுநாள் அம்மா பவுடர் போட்டுக்கொண்டு தோசை சுட்டார்.

வீட்டில் சொல்லித் தந்தவை:
பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போடாதே.
சோற்றை வீணாக்காதே.
வீட்டு விஷயத்தை வெளியே பேசாதே.

மதியம் தினேஷ் சாப்பிட வந்தான். யோ. பற்றிக் கேட்டேன்.

"அவளுக்கு வாய் ஜாஸ்திக்கா. உனக்குத் தெரியாது லா." கோழிக்காலைக் கடித்துக்கொண்டே.

கறிக்கரண்டி கையில் இருந்தது. காதில் அடித்தேன். பிறகு தோள், பிறகு மறுபடி காது. தட்டு உடைந்தது. என் முடியைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் மோதினான், இரண்டு முறை. அம்மா நடுவில் விழுந்து பிரித்தார்.

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. "மெதுவாப் போடுங்க சண்டய. பக்கத்து வீட்டுக்காரன் கேக்கப் போறான்."

எழுதித்தான் ஆக வேண்டும்: மூன்றாவது அடி எனக்குப் பிடித்திருந்தது.

திங்கள், 10 மார்ச்
விடுப்பு. இடது காதில் இரைச்சல். நெற்றியில் வீக்கம், முட்டை அளவு. வாங்க வேண்டியவை: வலி மாத்திரை, தட்டு.

யோ. அழைத்தாள். "போலீசுக்குப் போலாம்னு இருக்கேன்க்கா. தனியா பயமா இருக்கு. நீங்க வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன். அம்மா காதில் விழுந்துவிட்டது.

"அவன் வேல போயிடும்டி. ஏதோ ஒரு தடவ கை நீட்டிட்டான்."

"ஒரு தடவயாம்மா?"

மாவு பிசையப் போனார். வெகுநேரம் பிசைந்தார்.

செவ்வாய், 11 மார்ச்
வெயில். காவல் நிலையத்தில் யோ., நான். பேச்சில் உடைந்த பல் வழியே காற்று சீறுகிறது அவளுக்கு. அதிகாரி தமிழ்ப்பெண், பொறுமை. பாதி எழுதும்போது அம்மா உள்ளே வந்தார். வீட்டுச் செருப்பு. பேருந்தில் வந்திருக்கிறார். தடுக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன்.

"வேற யாரயாவது அடிச்சிருக்காரா?" என்று அதிகாரி கேட்டார்.

"என்னை. ஞாயிற்றுக்கிழமை. ஆனா முதல்ல அடிச்சது நான்தான்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவனப் பத்தி எழுதிட்டீங்கல்ல. அவங்க அப்பாவப் பத்தியும் எழுதுங்க."

"எப்பலேருந்தும்மா?" என்றார் அதிகாரி.

"இவ என் வயித்துல இருந்தப்பலேருந்து."

அதிகாரி நாற்காலி போட்டார். அம்மா ரவிக்கைக் கையை மேலே தள்ளி, வளைந்து ஒட்டிய எலும்பைக் காட்டினார். குளியலறையில் வழுக்கியது என்று என்னிடம் சொன்ன கை அது. இரண்டு மணி நேரம் பேசினார், அழாமல். யோ. என் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

தினேஷை நாளை அழைக்கிறார்கள். நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. யோ. வீடு, தெம்பனிஸ். அம்மாவுக்கு மாற்றுத்துணி இல்லை, யோ.வின் அம்மாவுடைய நைட்டி.

அப்பா நான்கு முறை அழைத்தார். ஐந்தாவது முறை அம்மா எடுத்தார்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார். போனை வைத்துவிட்டார். குளிக்கப் போனார், இன்னும் வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.