பிரவுன் அட்டைக்குள் இருந்த பெயர்

டீச்சர்,

இன்று காலை லைப்ரரி அறையில் பிரவுன் ஷீட் சுருளைப் பிரித்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. புதுத் தாளும் மைதாப் பசையும் கலந்த வாசனை. ஒரு நிமிஷம் நீங்கள் பின்னால் நின்றுகொண்டு, "ஓரம் மடிச்சு ஒட்டுங்க ஜமீலா, அவசரப்படாதீங்க" என்று சொல்வதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு அஃப்ரின்தான் கத்தரிக்கோலோடு நின்றிருந்தாள். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் திரும்பிப் பார்க்கிற புத்தி போகவில்லை.

உங்களிடம் ஒரு கேள்வி கேட்காமலே விட்டுவிட்டேன். ஐந்து வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் இருந்தும் கேட்கவில்லை. அதற்கான பதில் உங்களிடமிருந்து வராமல் வேறு ஒருவரிடமிருந்து வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சந்தேகப் பிராணி. நீங்களே வைத்த பெயர். பால்காரர் சிரித்தால் இன்று தண்ணீர் கூடுதல் என்று நினைப்பவள் நான். நீங்கள் தமிழ் டீச்சர், நான் சயின்ஸ் டீச்சர், கூடவே லைப்ரரிப் பொறுப்பும் என் தலையில். ஒரு நாள் கையில் ஒரு புத்தகத்தோடு வந்து, "ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற மாதிரி, முஸ்லிம் பொண்ணுங்க நல்லா வர்ற கதையா நாம தேடிச் சேர்க்கலாமா?" என்று கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. இந்த அம்மாவுக்கு எதற்கு இது? ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கிறவர், நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இல்லாமல் ஒரு நாள் வந்ததில்லை. நம்மைத் திருத்தப் போகிறாரா, அல்லது நம்மைப் பாராட்டி யாரிடமாவது பேர் வாங்கப் போகிறாரா?

"நல்லான்னா என்ன நல்லா?" என்றேன்.

"நீங்கதான் சொல்லணும்" என்றீர்கள்.

சொன்னேன். நீங்கள் கொண்டுவந்த முதல் புத்தகத்தில் முஸ்லிம் பெண் எங்கே வந்தாள்? பெருநாளன்று பக்கத்து வீட்டுக்குப் பிரியாணித் தட்டு கொண்டுவந்தாள், கொடுத்தாள், போய்விட்டாள். இரண்டாவது புத்தகத்தில் அழுதுகொண்டே இருந்தாள், யாரோ வந்து காப்பாற்றினார்கள். மூன்றாவதில் பொய்யே சொல்லாத, கோபமே வராத ஒரு பொம்மை. "இவ எங்க தெருவுல ஒரு நாள் தாக்குப்பிடிக்க மாட்டா" என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அதன்பிறகு நமக்குள் ஒரு வழக்கம் வந்தது. எந்தப் புத்தகமானாலும் இருவரும் படிக்க வேண்டும், எனக்குப் பிடிக்கவில்லையென்றால் உள்ளே வராது. "தட்டு கேஸ்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இரண்டு புத்தகக் கண்காட்சி, ஏகப்பட்ட பழைய புத்தகக் கடைகள், எல்லாம் அலைந்து கடைசியில் தேறியது பதினொன்று. சைக்கிள் கடை வைத்திருக்கிற அத்தாவுக்குத் தெரியாமல் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறவள் ஒருத்தி. மதில் ஏறிக் குதித்துக் கால்பந்து பார்க்கப் போய் மாட்டிக்கொள்கிறவள் ஒருத்தி. காந்தி மார்க்கெட் மாதிரி ஒரு சந்தையில் வெங்காய மூட்டைத் திருடனைத் துரத்திப் பிடிக்கிறவள் ஒருத்தி, அவள் வாயும் என் வாய் மாதிரிதான்.

ஜன்னலோரம் ஒரு அலமாரித் தட்டைத் துடைத்து, அந்தப் பதினொன்றையும் அட்டைப்படம் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தேன். அட்டைகளில் பாதிக்கு மேல் முக்காடு போட்ட பெண்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை. நான் அந்த வயதில் படித்த ஒரு புத்தகத்திலும் என்னைப்போல ஒருத்தி அட்டையில் நின்றதில்லை.

ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் தட்டு காலி. பதினொன்றும் இல்லை.

அலமாரிச் சாவி என்னிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. நீங்கள் அன்று லீவு. முந்தின வாரம்தான் ஒரு பெற்றோர் வந்து, "எதுக்கு ஒரு பக்கப் புக்கா அடுக்கி வச்சிருக்கீங்க?" என்று முணுமுணுத்துவிட்டுப் போயிருந்தார். நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்குப் போட்டுவிட்டேன். பயந்துவிட்டார், பிரச்சினை வேண்டாமென்று ராவோடு ராவாக, இல்லை, சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் அன்று அள்ளிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் இவரும் இப்படித்தானா! மதியம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். திருவானைக்காவல் தாண்டும்வரை என்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.

உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தது உங்கள் நாத்தனார். உங்கள் வீட்டுக்காரரின் அக்கா, கணவர் போனபிறகு உங்களோடேயே இருக்கிறார், மடி ஆசாரம் எல்லாம் கறாராகப் பார்ப்பவர் என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் சேலைதான் கட்டியிருந்தேன். வழக்கமாக முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வேன், அன்று இருந்த கோபத்தில் அது தோளிலேயே கிடந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு?" என்றார்.

உள்ளேயிருந்து நீங்கள் ஓடி வந்தீர்கள். கையெல்லாம் பசை. "எங்க ஸ்கூல் லைப்ரரி டீச்சர், அக்கா" என்றீர்கள்.

அவ்வளவுதான். பெயர் இல்லை. பள்ளியில் நாளுக்கு நூறு தடவை ஜமீலா ஜமீலா என்று கூப்பிடுகிற வாய், அங்கே லைப்ரரி டீச்சர் என்றது. அதை நான் கவனித்தேன். நான் கவனித்ததை நீங்களும் கவனித்தீர்கள்.

கூடத்தில் பதினொரு புத்தகமும் தரையில் பரத்திக் கிடந்தன. பிரவுன் அட்டை போட்டு, முதுகில் ஒன்று இரண்டு என்று வெறும் எண் மட்டும் எழுதி. ஓரத்தில் பசைக் கிண்ணம்.

"என்ன டீச்சர் இது? புத்தகத்துக்குப் பர்தாவா?"

"பதிவேட்டைப் பார்த்தீங்களா ஜ... டீச்சர்?" என்றீர்கள் தாழ்ந்த குரலில். "நாலு மாசமா இந்தப் புக்கை எடுத்தவங்க பேரைப் பாருங்க. ஃபாத்திமா, ரிஸ்வானா, அஃப்ரின். வேற ஒரு பொண்ணு தொடல. அட்டையைப் பார்த்ததும் இது நமக்கு இல்லைன்னு போயிடறாங்க. மூணு பக்கம் படிக்க வச்சுட்டா போதும். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு பார்த்துப்பா."

"எங்க மூஞ்சியைப் பார்த்தா படிக்க மாட்டாங்கன்னா, அதுக்கு எங்க மூஞ்சியை மூடுறதா வழி?"

நாத்தனார் காபி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நல்ல தாகம், ஆனாலும் வேண்டாம் என்றேன். எந்த டம்ளரில் வரும் என்று பார்க்க எனக்குப் பயம். அதை நான் உங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

புத்தகங்கள் எண்களோடு திரும்பி வந்தன. சண்டை போட்டு நான் ஒரே ஒரு விதியைச் சேர்த்தேன்: படித்து முடித்தவள், கொஞ்ச நேரம் அட்டையைப் பிரித்து உள்ளே இருக்கிற படத்தைப் பார்க்க வேண்டும், பிறகு மூடித் தர வேண்டும். பார்க்காமல் கொடுத்தால் வாங்க மாட்டேன். ஒரு மாதத்தில் ஏழாம் நம்பருக்கு அடிதடி. முசிறி பஸ்ஸில் வருகிற காயத்ரி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் நெனச்ச மூஞ்சியே வேற! எங்க அக்கா மாதிரி நெனச்சேன்" என்றாள். "அப்படியே வச்சுக்கோயேன்" என்றீர்கள். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. ஜெயித்துவிட்டதாக நினைப்பு! எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அஃப்ரின் உங்கள் எதிரில் வந்து நின்றாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை அப்போது. "டீச்சர், மத்த புக்குக்கெல்லாம் அட்டை போடலையே, எங்க பொண்ணுங்களுக்கு மட்டும் ஏன் போட்டீங்க?" என்று கேட்டாள். உங்கள் முகம் சுருங்கிப் போனது. "எனக்குத் தெரியலடா கண்ணு" என்றீர்கள். அவள் போனபிறகு என்னிடம், "நான் செஞ்சது சரியான்னு தெரியல ஜமீலா. ஆனா படிச்சாங்க" என்றீர்கள். அப்போதாவது நான் கேட்டிருக்கலாம். அன்று உங்கள் வீட்டு வாசலில் எனக்கும் பிரவுன் அட்டை போட்டீர்களா, இல்லை வாய் தவறி விட்டுவிட்டீர்களா? நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

பிறகு உங்களுக்கு உடம்பு வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "பிரியாணித் தட்டு கொண்டு வரலியா?" என்று கேலி செய்தீர்கள். அங்கேயும் கேட்கவில்லை. உங்களை எடுத்த அன்று பள்ளி வேனில் எல்லோரும் வந்தோம். மற்றவர்கள் உள்ளே போனார்கள். நான் தெருவிலேயே, எதிர்வீட்டு நிழலில் நின்றுகொண்டு அழுதேன். படியேறத் தைரியம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஸ்டாக் எடுத்தபோது பதினொன்றில் நான்கைக் காணோம். பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இருந்தது. என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே. அந்த வீட்டில் இதையெல்லாம் வைத்திருப்பார்களா, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்பார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். இருந்தாலும் போனேன். இந்த முறை முந்தானையை நன்றாகத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் போனேன். பார்க்கட்டும் என்று.

கதவைத் திறந்த நாத்தனார் மேலும் கீழும் பார்க்கவில்லை. "ஜமீலாதானே? உள்ள வாங்கோ" என்றார்.

கூடம்வரை போனேன். அவர் உள்ளே போய் நான்கு புத்தகங்களையும் கொண்டுவந்து வைத்தார். நான்கிலும் அட்டை பிரித்து மறுபடி மடித்த தடம் இருந்தது.

"நீங்க... படிச்சீங்களா?"

"பின்ன? பசை காயறதுக்குள்ள ஒண்ணைக் கையில எடுத்துட்டேன். மூணாம் பக்கத்துலயே அந்தப் பொண்ணு பேரு வந்துடுத்து. மூடி வச்சிருப்பேன். ஆனா அதுக்குள்ள அவ மதில் மேல ஏறிட்டா. எறங்கினாளா இல்லையான்னு தெரியாம எப்படி மூடறது?" என்றார். "முடிச்சாத்தான் பிரிச்சுப் பார்க்கணும்னு ஏதோ சட்டமாமே. முடிச்சுட்டுத்தான் பிரிச்சேன்."

"என் பேர் எப்படித் தெரியும்?" என்றேன்.

"அந்தப் பொஸ்தகத்தை முடிச்ச அன்னிக்கு அவதான் சொன்னா. அக்கா, அன்னிக்கு வந்தாளே, அவ பேரு ஜமீலா, இதெல்லாம் அவ பொறுக்கி எடுத்ததுன்னா. எனக்குக் கோவம் வந்துடுத்து. ஏண்டி அன்னிக்கே சொல்லலைன்னு கேட்டேன். சொல்லியிருந்தா அவளை உக்காரச் சொல்லியிருப்பேளான்னு திருப்பிக் கேட்டா."

என் கேள்வி இப்போது அவருக்கு மாறியிருந்தது. நான் விடுகிறவளா?

"சொல்லியிருப்பீங்களா?"

அவர் உடனே ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். புத்தகத்தின் முனையைத் தடவிக்கொண்டே, "தெரியலை" என்றார். பிறகு உங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இப்போ உக்காருங்கோ" என்றார்.

உட்கார்ந்தேன் டீச்சர். காபி வந்தது. எந்த டம்ளர் என்று பார்த்தேனா என்றால், பார்த்தேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு? அவர் கையில் இருந்த அதே எவர்சில்வர் டம்ளர்தான். குடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூடு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆக, என் சந்தேகம் சரிதான். என் பெயரை நீங்கள் மூடித்தான் வைத்தீர்கள். அதற்காக இப்போதும் எனக்குக் கோபம் உண்டு. நீங்கள் இருந்திருந்தால் மூன்று நாள் பேசாமல் இருந்திருப்பேன். நான்காம் நாள் டிபன் பாக்ஸை நீங்களே திறந்து என் புளிச்சோற்றை எடுத்திருப்பீர்கள், எல்லாம் சரியாகியிருக்கும். மூடினீர்கள், பிறகு நேரம் பார்த்து நீங்களே பிரித்தும் காட்டினீர்கள். அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் ஆற்றாமை.

இன்று வாங்கி வந்த பிரவுன் ஷீட் பெரிய சுருள். அஃப்ரின் கேட்ட கேள்விக்கு நமக்குப் பதில் தெரியவில்லையே, எனக்கு இப்போது ஒன்று தோன்றியிருக்கிறது. லைப்ரரியில் இருக்கிற அத்தனை கதைப் புத்தகத்துக்கும் அட்டை போடுகிறேன். ராஜகுமாரிக்கும் அட்டை, விண்வெளி வீராங்கனைக்கும் அட்டை, நம் சைக்கிள்காரிக்கும் அட்டை. யாரும் யாரையும் முகம் பார்த்து ஒதுக்க முடியாது. ஒரு மாதம் பார்ப்போம், பிறகு எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்து, ஜன்னலோரம் நிறுத்திவிடுவேன். அதற்கப்புறமும் தொடாமல் போகிறவள் யார் என்று நான் உட்கார்ந்து கவனிப்பேன். சந்தேகத்தை விடச் சொல்லாதீர்கள், அதை மட்டும் என்னால் முடியாது.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது அஃப்ரின், "டீச்சர், இதுல எதுல எங்க பொண்ணு இருக்கா?" என்று கேட்டாள். "மூணு பக்கம் படிச்சுப் பாரு" என்றேன். என் வாயில் உங்கள் பேச்சு!

சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போகிறேன். உங்கள் நாத்தனாருக்கு ஐந்தாம் நம்பர் வேண்டுமாம், வெங்காயத் திருடனைப் பிடிக்கிறவள் கதை. பதிவேட்டில் எடுப்பவர் பெயருக்கு அவர் பெயரை எழுதிவிட்டேன். கொடுப்பவர் என்கிற இடத்தில் நீங்கள் எப்போதும் "லைப்ரரி" என்று எழுதுவீர்கள். நான் ஜமீலா என்று முழுசாக எழுதியிருக்கிறேன்.