நம் பாலத்து நேரம்

நவம்பர் 2

அன்புள்ள அப்பா,

நாங்கள் நலம். கிரேனில் ஏறும்போது காதை மூடிக்கொள்ளுங்கள், காற்று குளிர்ந்துவிட்டது.

நீங்கள் எழுதியபடியே இன்று மூன்று பத்துக்குப் பாலத்தடிப் படியில் நின்று, உயிருள்ள இறாலைக் கோத்துப் போட்டேன். உப்பங்கழியில் நீர் வடியத் தொடங்கியதும் தூணுக்குப் பின்னால் கொடுவா மீன் காத்திருக்கும் என்றீர்கள். என் தக்கையோ கடல் பக்கம் போகாமல் ஊருக்குள், பள்ளிக்கூடத்துப் பக்கமே போனது. நாலு மணிக்குள் இறால் தீர்ந்துவிட்டது.

அம்மா கெடு வைத்திருக்கிறாள். "குளிர் முத்துறதுக்குள்ள ஒரு மீனாவது வரட்டும். இல்லேன்னா உங்கப்பா தூண்டில எதிர்வீட்டு மாமாவுக்குக் குடுத்துடுவேன். ஒதவாத பொருள் எதுக்குடி வீட்டுல?" மாமா இரண்டு முறை வந்து அதைத் தூக்கிப் பார்த்து, "நல்ல எடை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா, நீங்கள் துறைமுக வேலைக்குப் போன பிறகு உங்கள் பொருள் என்று இங்கே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நான் விடப்போவதில்லை.

உங்கள்
வாத்தியாரம்மா

நவம்பர் 5

என் வாத்தியாரம்மாவுக்கு,

எதிலும் தப்புக் கண்டுபிடிப்பாய் என்றுதான் உனக்கு இந்தப் பேர் வைத்தேன்; ஆனால் நேரத்தில் தவறில்லை. நீர் ஏறி இறங்கும் நேரத்தைத் துறைமுக ஆபீஸ் அட்டவணையில் பார்த்துத்தான் எழுதினேன். நீ தூண்டில் முள்ளைப் பெரிதாகக் கட்டியிருப்பாய். வரும் ஞாயிறு காலை எட்டு நாற்பதுக்கு ஏற்றம் நின்று நீர் இறங்கத் தொடங்கும். இந்த வாரமும் ஓவர்டைம், வர முடியாது. தூண்டிலைக் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

அப்பா

நவம்பர் 9

அன்புள்ள அப்பா,

முள் சின்னதுதான். அதனால் இன்று மீனை விட்டுவிட்டு நீரைப் பார்த்தேன். எட்டு நாற்பதிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, நீர் தொடும் இடத்தில் முதல் தூணில் சாக்பீஸ் கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டையும் நீர் முழுங்கிக்கொண்டே ஏறியது. ஒன்பது ஐம்பதுக்குத்தான் நின்றது.

உங்கள் அட்டவணை சரி. ஆனால் அது துறைமுகம் இருக்கும் கழிமுகத்துக்கு. நம் பாலம் வரை அந்த நீர் வந்து சேர இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது. இங்கே இருந்தபோது நீங்கள் அட்டவணை பார்த்ததே இல்லையே. சமையலறை ஜன்னல் வழியே நீரை எட்டிப் பார்த்து, "இன்னும் நேரம் இருக்கு, காபி போடு" என்பீர்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "உங்கப்பாவுக்கு இப்ப அந்த ஊர்க் கடிகாரம்தான் ஓடுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பதினாறாம் தேதி அட்டவணையில் இரண்டு நாற்பது. நான் மூன்று ஐம்பதுக்குப் போடுவேன். இரண்டு மணி பஸ்ஸில் ஏறினால் நீங்கள் வந்துவிடலாம். வாருங்கள்.

உங்கள்
வாத்தியாரம்மா

நவம்பர் 16

அன்புள்ள அப்பா,

மூன்று ஐம்பது வரை படிக்கட்டை நாலு தடவை திரும்பிப் பார்த்தேன். பிறகு தக்கை கடல் பக்கம் திரும்பியது. நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாவது இறாலிலேயே கொடுவா கடித்தது. தூண்டில் நரம்பு விரலை அறுத்தது. பின்னால் யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டு நீங்கள் என்றே நினைத்தேன். அம்மா, கையில் கூடையோடு.

"இழுக்காதடி. ஓட விடு. களைச்சுத் தானா வரும்" என்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பதினஞ்சு வருஷம் உங்கப்பா பக்கத்துல கூடை பிடிச்சிருக்கேன். கண்ணையுமா மூடிக்கிட்டிருந்தேன்?"

மீன் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருந்தது. எதிர்வீட்டு மாமாவுக்கு வால் பக்கம் இரண்டு துண்டு கொடுத்தனுப்பினோம்.

தூண்டில் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் அம்மா அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து என் மேசைக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டாள். "இனி இது உன்னோடது" என்றாள். நானும் சரி என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி நேரம் எழுதி அனுப்ப வேண்டாம், அப்பா. துறைமுக நேரம் செய்தித்தாளில் வருகிறது, அதோடு ஒரு மணி பத்து நிமிடத்தை நானே கூட்டிக்கொள்வேன். வேறு ஏதாவது எழுதுங்கள். வருவதாக இருந்தால், நம் பாலத்து நேரத்துக்கு வாருங்கள்.

உங்கள்
மகள்