பாதிக் கடிகாரங்கள்

மார்ச் 1, சனி

புதிர் வேட்டை இன்று தொடங்கிவிட்டது. வழக்கம்போல இந்த வருடமும் புதிர்களைக் கட்டியவள் அக்காதான். நான்கு சனிக்கிழமை, நான்கு புதிர். விடைகளை எங்கள் புதிர் மன்றத்துப் பெட்டியில் போட வேண்டும். கடைசி வாரம்தான் திறப்பார்கள். அதுவரை அவளும் நானும் வேட்டையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பதினோரு வருடமாக மீறாத விதி. தங்கைக்கு விடையைச் சொல்லிவிட்டாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதே.

என் அணியில் பழைய ஆட்கள் இரண்டு பேர்: மருந்துக்கடைக்காரர், சுருக்கெழுத்து டீச்சர்.

முதல் தாளில் அக்கா கையால் வரைந்த இரண்டு கடிகாரங்கள். மணி முள் ஒன்றில் நின்றால் அ, இரண்டில் ஆ. பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டு உயிரெழுத்து. அடியில் சின்ன எண் இருந்தால் அத்தனையாவது மெய்யைச் சேர்க்க வேண்டும். நேராகப் படித்தால் 'அடி'. இரண்டு நிமிட வேலை. அக்கா இவ்வளவு சுலபமாக வைப்பாளா? அதோடு, இரண்டு கடிகாரத்திலும் பன்னிரண்டிலிருந்து ஆறு வரைதான் எண்கள். இடப்பக்கம் வெறும் வளைவு.

"விட்டுப்போச்சோ?" என்றேன்.

"உங்க அக்காவுக்கா? அவங்க விடுற தப்பெல்லாம் துப்பும்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். தாளைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். ஒன்று பதினொன்றானது, மூன்று ஒன்பதானது. இரண்டு முள்ளும், தாளில் வெறுமையாக இருந்த இடப்பக்கத்துக்குப் போய் நின்றன. 'ஓடை'.

டீச்சர் மேசையைத் தட்டினார். "நாளெல்லாம் வரைபடம் போடறவ புத்தி வேற எங்க போகும்? ஓடை, குளம்னுதான் போகும்!"

அக்காவுக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. 'ஓடை' என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டோம்.

மார்ச் 5, புதன்

புதன்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில். அவள் தனி ஆள். இந்த ஒரு நாள்தான் ஒழுங்காகச் சமைப்பாள்.

அவள் தட்டின் வலப்பக்கம் துடைத்து வைத்தாற்போல் காலி. இடப்பக்கம் வைத்தது வைத்தபடி. "இன்னும் கொஞ்சம் போடேன்" என்றாள்.

"தட்டுலயே இருக்கேக்கா."

தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். சாப்பாட்டிலும் துப்பு வைக்கிறாள், கள்ளி!

இடது முழங்கையில் கன்றிய நீலம். கதவு இடித்ததாம்.

மார்ச் 8, சனி

இரண்டாவது புதிர், ஒரு ஊரின் வரைபடம். வலப்பக்கம் ஒவ்வொரு சந்துக்கும் பெயர். இடப்பக்கத் தெருக்களுக்குப் பெயரே இல்லை. போன வாரம் நாங்கள் பிடித்தது சரிதான். மருந்துக்கடைக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மார்ச் 11, செவ்வாய்

ஆய்வுக்கூடத்தில் ஒரு கிணற்றுத் தண்ணீரின் அளவு கோணலாக வந்தது. மூன்று முறை திரும்பச் சோதித்தேன். கோணலாக வந்தால் சந்தேகப்படு. இருபது வருடமாக இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

சனிக்கிழமை மட்டும் கோணலைக் கண்டால் கும்பிடு போடுகிறேன்.

மார்ச் 15, சனி

மூன்றாவது, குறுக்கெழுத்து. குறிப்புகள் எல்லாம் தாளின் நடுவில் தொடங்கி வலது ஓரத்தில் போய் இடித்துக்கொண்டு நிற்கின்றன. இடது கட்டங்களுக்குக் குறிப்பே கிடையாது. மன்றத்தில் எல்லா அணிக்கும் ஒரே கொண்டாட்டம். "இந்த வருஷம் உங்க அக்கா பின்னி எடுத்துட்டாங்க!" என்றார் செயலாளர்.

அக்கா ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். வகிட்டுக்கு வலப்பக்கம் முடியைப் படிய வாரியிருந்தாள். இடப்பக்கம் வாரவே இல்லை. டீச்சர் அவளுக்கு இடப்பக்கமாகப் போய் "அசத்திட்ட போ" என்றார். அக்கா திரும்பவில்லை. "பாரு, தலைக்கனத்தை!" என்று டீச்சர் என்னிடம் கண்ணடித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கேட்கலாமா?

மார்ச் 17, திங்கள்

கேட்டால் என்ன ஆகும்? எல்லாம் துப்புதான் என்றால் பதினோரு வருட நாணயம் போச்சு. துப்பு இல்லை என்றால்... அதை எழுத வேண்டாம்.

இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை. பெட்டியைத் திறக்கட்டும், கேட்டுவிடுகிறேன்.

மார்ச் 19, புதன்

அவள் வீட்டு வாசல்வரை போய்விட்டேன். அக்கா எதிர்க் கடையிலிருந்து தெருவைக் கடந்து என்னை நோக்கி வந்தாள். அவளுக்கு இடப்பக்கமிருந்து ஒரு சைக்கிள். மணியடித்தான், கத்தினான். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அடி பெரிதில்லை, முட்டியில் சிராய்ப்பு. எழுந்து உட்கார்ந்து, "எங்கேர்ந்துடி வந்தான் இவன்?" என்றாள். அந்தக் கேள்வியில் நடிப்பு இல்லை.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயது டாக்டரம்மா. கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தாளும் பேனாவும் கொடுத்தார். "ஒரு கடிகாரம் வரைங்க. எல்லா நம்பரும் போடுங்க."

அக்கா வட்டம் போட்டாள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று ஆறு வரை அழகாக எழுதினாள். பேனாவை மூடினாள். "ஆச்சு" என்றாள்.

புதிர்த் தாளில் இருந்த அதே கடிகாரம்.

"இப்படி எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"மூணு வாரமா. அச்சடிச்சு முப்பது பேருக்குக் கொடுத்திருக்கோம்."

அவருக்குப் புரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

மூளையின் வலப்பக்கம் கட்டி. கண்ணில் கோளாறில்லையாம். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துகொண்டு வருகிறதாம். குறைகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாதாம். "வேகமா வளர்ற வகை. கூட இருக்கிறவங்கதான் கவனிச்சிருக்கணும்" என்றார் டாக்டர்.

கவனித்தோமே. கண்ணாடி பிடித்தல்லவா கவனித்தோம்!

மார்ச் 22, சனி

நான்காவது புதிர் வரவில்லை. அக்கா ஒட்டிக் கொடுத்திருந்த விடை உறையைப் பிரித்தார்களாம். மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். முதல் விடை 'அடி'. நேராகப் படித்தாலே போதும். சரியாக எழுதியிருந்தது, புதிதாகச் சேர்ந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் மட்டும். பாதி அச்சு விழவில்லை என்று நினைத்தார்களாம்.

"நான்தாம்மா கண்ணாடியைப் பிடிச்சேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம். எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டார்களாம். மீதியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அக்கா இப்போது என் வீட்டில். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் வலப்பக்கமாகக் கொண்டுபோய் வைக்கிறேன்: தண்ணீர், மாத்திரை, என் முகம்.

இன்று திடீரென்று கேட்டாள். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணாவது வாரமே சந்தேகம்" என்றேன்.

"அப்புறம் ஏன்டி கேக்கல?"

"விடை கேட்ட மாதிரி ஆயிடும்னு..."

"நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்" என்றாள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் டம்ளரைத் தேடினாள். வலது கைக்கு நேரே இருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

மதியம். நல்ல வெளிச்சம். அக்கா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். "எங்கடி போய்ட்ட? எவ்வளவு நேரமா கூப்பிடறேன்!" இங்கேதான்க்கா, இங்கேதான் என்கிறேன். மறுபடியும் கூப்பிடுகிறாள்.

கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவளுடைய வலப்பக்கம்.